அந்த ஒரு பாட்டில் ரத்தம்

மார்ச் 3

சலவைக்கடை முதலாளிக்கு,

சௌக்கியமா? நான் இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் பாய்லர் சத்தத்துக்கு மேல் கத்துகிறீர்கள். பதிலுக்கு நானும் கத்தினால் மூன்றாவது வார்த்தையில் மூச்சு வாங்குகிறது. "பேச்சைக் குறைங்கம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பெரியவள் வீட்டுக் கீழறை ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். இங்கிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தான்.

செவ்வாய்க்கிழமை மாற்று இதயம் வந்து, எனக்குப் பொருந்தாமல் திரும்பி வந்தோம் என்று பெரியவள் சொல்லியிருப்பாள். ஏன் பொருந்தவில்லை என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள். ரத்தப் பிரிவு ஒன்றுதான், அளவும் சரிதான். பச்சை அங்கி எல்லாம் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். கொடுத்தவர் அதே ஆஸ்பத்திரியில் இருந்ததால் கலந்து பார்க்க நேரம் இருந்தது. அவருடைய வெள்ளையணுக்கள்மேல் என் ரத்தத்தின் தெளிந்த நீரைச் சொட்டினார்களாம். அத்தனையும் செத்துவிட்டன. அந்த இதயத்தை எனக்கு வைத்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும் என்றார் டாக்டர். அது வேறொருவருக்குப் போயிற்று. அவர் நன்றாக இருக்கட்டும்.

திசுப் பொருத்தம் பார்க்கிற லேபில் ஒரு பெண் இருக்கிறாள். நம் தொழிலைச் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும்மா. எல்லா வெள்ளைச் சட்டையும் ஒண்ணுபோலதானே இருக்கு? காலரைத் திருப்பிப் பார்த்தாத்தானே யாருதுன்னு தெரியும்? உடம்புல ஒவ்வொரு அணுவும் அப்படி அடையாளம் வெச்சிருக்கு. பாதி அம்மாவோடது, பாதி அப்பாவோடது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறதுதான் வெள்ளையணுவோட வேலை" என்றாள். மற்றவர்களுக்குப் புது இதயத்தைப் பார்த்த பிறகுதான் சண்டை ஆரம்பிக்குமாம், அதை மருந்தால் அடக்கலாமாம். என் ரத்தமோ பல அடையாளங்களை ஏற்கெனவே மனப்பாடம் செய்து, எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கிறதாம். நூறு இதயம் வந்தால் அறுபதை வேண்டாம் என்று சொல்லிவிடுமாம்.

எங்கே கற்றுக்கொண்டது என்றால், பிள்ளை பெற்றதில். மூன்று பிள்ளைகளும் உங்கள் அடையாளத்தில் பாதியைச் சுமந்துகொண்டுதானே என் வயிற்றில் இருந்தார்கள்! ஆக, உங்கள் அடையாளத்தைக் கண்டால் என் ரத்தம் சண்டைக்கு நிற்கிறது. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இது ஒன்றும் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இப்போது உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். என் பட்டியலில் தெளிவாகத் தெரிகிற எதிர்ப்பொருள்கள் போக, மங்கலாக இரண்டு தெரிகின்றன. அவை நிஜமா, சோதனையில் வந்த வெறும் அழுக்கா என்று தெரியவில்லை. உங்கள் அடையாளம் என்ன என்று தெரிந்தால் அவர்களுக்குப் பாதி விளங்கிவிடும். தெருமுனைக் கிளினிக்கில் ஒரு சின்னக் குழாய் ரத்தம் கொடுங்கள். அவர்களே அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்களோடு ஒத்துப்போகாத ரத்தக்காரி


மார்ச் 9

மகாராணிக்கு,

உன் கடிதம் வந்தது. கடைக்குட்டிதான் வாசித்துக் காட்டினாள், என் கண்ணாடி நீராவியில் மங்கிக் கிடந்தது. வாசித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் கடை விஷயம். நீ போன பிறகு காலரில் அடையாள எண் எழுத ஆள் இல்லை. நானே எழுதுகிறேன். என் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கிறதாம். வங்கி மேனேஜர் சட்டை உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போய்விட்டது. அவர் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார், இரண்டு பக்கமும் கிழிந்துவிட்டது. மேனேஜர் கடைக்கே வந்து நின்றார். இருபத்தாறு வருஷத்தில் நீ ஒரு சட்டையை மாற்றிக் கொடுத்திருப்பாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ரத்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனசு ஆறவில்லை. ஊரில் எத்தனையோ பேர் அடையாளம் இருக்க, என் அடையாளம்தானா உன் ரத்தத்துக்குப் பகையாகப் போக வேண்டும்? கடைக்குட்டி பிறந்தபோது உனக்கு ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்துக் காப்பாற்றியவன் நான். இது ஊருக்கே தெரியும். "அவ உடம்புல ஓடுறது என் ரத்தம்" என்று எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். இன்று அந்த ரத்தமே வினையாகிவிட்டது என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கிளினிக்குக்குப் போக இந்த வாரம் தோதுப்படவில்லை. பாய்லருக்கு ஆள் வருகிறான். அடுத்த வாரம் பார்க்கலாம்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 14

சாக்குப்போக்குச் சக்கரவர்த்திக்கு,

பாய்லருக்கு வருகிற ஆள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டா வேலை செய்யப்போகிறான்?

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நேற்று குளித்துவிட்டுத் தலை துவட்டக் கையைத் தூக்கினேன், முடியவில்லை. பெரியவள் துவட்டிவிட்டாள். அவளுக்கு நான் தலை துவட்டியது போன மாதம்போல இருக்கிறது. என் இதயம் பெருத்து, ஊறின துணி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பிழிந்து பிழிந்து இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது?

எனக்கு வாழ ஆசையாக இருக்கிறது. இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. நடுவுள்ளவன் கப்பலிலிருந்து இறங்கி வரும்போது நான் வாசலில் நிற்க வேண்டும். உங்களுடைய அந்தக் கோணல் ஏழைத் திருத்த வேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

உங்கள்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கும் இப்படித்தானாம். ஊசிக்குப் பயம் என்றால் படுத்துக்கொண்டே கொடுங்கள். படுத்தால் ஒன்றும் ஆகாது. காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

உங்கள் மகாராணி


மார்ச் 19

மகாராணிக்கு,

கொடுத்துவிட்டேன். படுத்துக்கொண்டுதான் கொடுத்தேன். நர்ஸ் "இவ்வளவு பெரிய ஆளா இருந்துக்கிட்டு!" என்றாள். குழாய் நேற்றே புறப்பட்டுவிட்டது.

இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்துகொண்டு படி. பெரியவளையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

என் குழாயை ஒட்டி அனுப்பும்போது கிளினிக்காரர் ஒரு தாள் கொடுத்தார். மனைவிக்கு எப்போதாவது நீங்கள் ரத்தம் கொடுத்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி. எதற்கு இது என்று கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். மங்கலாகத் தெரிகிற எதிர்ப்பொருள் என் அடையாளத்தோடு ஒத்துப்போனால் நிஜம் என்று வைத்துக்கொள்வார்களாம். ஒத்துப்போகாவிட்டால், வேறு யார் ரத்தமும் ஏறாத உடம்புக்கு அது எங்கிருந்து வரும், அழுக்குதான் என்று பட்டியலிலிருந்து அடித்துவிடலாமாம். கை தானாக 'ஆம்' என்று எழுதிவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

ரத்தம் நான் கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் படுத்தேன். ஊசியைப் பார்த்ததும் எழுந்து நின்றேன், நின்றதும் விழுந்தேன். நெற்றித் தழும்பு மேஜை முனை குத்தியது. கதவு இடித்தது என்று சொன்னது பொய். கண் விழித்ததும் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். நின்றவர்கள் எல்லோரிடமும் உன் ரத்தப் பிரிவைச் சொல்லிக் கத்தினேன். ஒரு லாரி ஓட்டுநர் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். "எனக்கு அதே குரூப்புதான், வா" என்று அப்படியே வந்தார். கொடுத்துவிட்டு இரண்டு பிஸ்கட் தின்றார், போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் உன் அண்ணன் வந்து "மாப்பிள்ளை, நீங்களா குடுத்தீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் அது வளர்ந்துவிட்டது.

இப்போது அந்த ஓட்டுநரின் அடையாளம் உன் ரத்தத்தில் இருந்தால்? அதை அழுக்கு என்று அடித்துவிட்டால்? இந்தக் கடிதம் வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் இதயம் ஒன்று வந்துவிட்டால்? எழுதிக்கொண்டே இருக்கிறேனே, நான் என்ன மடையன்! லேபுக்குப் போன் செய்துவிட்டு வருகிறேன்.

செய்துவிட்டேன்.

அந்தப் பெண்தான் எடுத்தாள். "அம்மா, அந்தத் தாள்ல நான் எழுதினது தப்பு. ரத்தம் என்னுது இல்லை, ஒரு லாரிக்காரருது. தயவு செஞ்சு எதையும் அடிச்சிடாதீங்க" என்றேன். அவள், "தெரியும் சார். உங்க வீட்டம்மா முதல் நாளே சொல்லிட்டாங்க. உங்க தாளைப் பார்த்து நாங்கதான் சிரிச்சுக்கிட்டிருந்தோம்" என்கிறாள்!

உனக்குத் தெரியுமா? எத்தனை நாளாகத் தெரியும்? கல்யாண வீட்டில் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாயே, அப்போதும் தெரியுமா? முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் பொய்யன்


மார்ச் 25

என் பொய்யருக்கு,

தெரியும். மறுநாள் காலையிலேயே தெரியும். எனக்கு டிரிப் மாற்ற வந்த நர்ஸ் சொன்னாள்: "உன் புருஷன் பக்கத்து ரூம்ல காலைத் தூக்கி வெச்சுப் படுத்திருந்தாரு. எழுந்ததும் நெத்தியில ரத்தத்தோட ரோட்டுக்கு ஓடிட்டாரு. யாரையோ இழுத்துக்கிட்டு வந்துதான் நின்னாரு." நீங்கள் உள்ளே வந்து "நான் கொடுத்தேன்" என்று சொல்லும்போது உங்கள் சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. நான் சலவைக்கடைக்காரி, கறையைப் பார்த்தால் எதனுடையது என்று தெரியாதா?

ஏன் சொல்லவில்லை என்றால், முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு நீங்கள் அந்தக் கதையை ரொம்ப நன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்குப் பிடித்தது வேறு கதை. நெற்றி பிளந்த மனுஷன் பேருந்து நிலையத்தில் நின்று ஊரைக் கூட்டினாரே, அது. அதை யாரிடமும் சொல்லாமல் எனக்கென்று வைத்துக்கொண்டேன். உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்புதான்.

லேபில் முதல் நாள் விவரம் கேட்டபோது பெரியவள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு அப்பா என்றால் அந்த ஒரு பாட்டில்தான். அவளைத் தண்ணீர் வாங்கி வர அனுப்பிவிட்டு உண்மையைச் சொன்னேன். உயிர் விஷயத்தில் நான் விளையாட மாட்டேன்.

இனிக் கேளுங்கள். மங்கலான இரண்டில் ஒன்று உங்களுடையதேதான். இன்னொன்று உங்களிடம் இல்லை. ஓட்டுநருடையதாக இருக்கலாம் என்று அதையும் பட்டியலில் வைத்துக்கொண்டார்கள். நேற்று முன்தினம் தொலைவான ஊரிலிருந்து ஓர் இதயம் வருவதாக இருந்தது. வெளியே எடுத்தால் நாலு மணி நேரத்துக்குமேல் தாங்காது, கலந்து பார்க்க நேரமில்லை, பட்டியலை நம்பித்தான் முடிவு. அந்த இதயத்தில் இரண்டாவது அடையாளம் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு லேப் பெண் அதன் மாதிரியை வாங்கி, சோதனைக்காக என் ரத்தத்தோடு கலந்து பார்த்தாளாம். அணுக்கள் செத்துவிட்டன.

ஏமாற்றம்தான். ஆனால் அந்த ஓட்டுநரை நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாகியும் என் ரத்தம் அவரை மறக்கவில்லை. ஒரு நன்றிகூட வாங்காமல் போன மனுஷன்.

நாற்பதில் ஒன்று எனக்கு வரும். காத்திருக்கிறேன்.

உங்கள் மகாராணி


ஜூன் 4

கடைக்குத் திரும்பிப் போய்விட்டவருக்கு,

புது இதயம் வைத்த பிறகு நீங்கள் இங்கே இருந்த நாற்பது நாளும் வாய் ஓயாமல் பேசிவிட்டோம். ஆனாலும் எழுதாமல் கை அரிக்கிறது. ஐ.சி.யூ.வில் கண் திறந்ததும் நான் "கடையை யாரு பார்த்துக்கிறா?" என்று கேட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறீர்களாமே. அதுவாவது உண்மை, சொல்லிக்கொள்ளுங்கள்.

போன வாரம் பயாப்சி. கழுத்து ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு இதயத்திலிருந்து அரிசி முனை அளவு கிள்ளி எடுக்கிறார்கள். இந்தத் தடவை நிராகரிப்பு ஆரம்பித்திருக்கிறதாம். பெரியவள் அழுதுவிட்டாள். லேப் பெண் தானே வந்து பார்த்தாள். "பழைய எதிர்ப்பொருள் எதுவும் தலை தூக்கலைம்மா, அது நல்ல சேதி. இது வெள்ளையணுங்களோட வேலை. புதுசா ஒருத்தர் குடிவந்தா தெருவே எட்டிப் பார்க்காதா? காலரைத் திருப்பிப் பார்க்குதுங்க. மருந்தைக் கூட்டினா கண் சொக்கிப்போயிடும்" என்றாள். மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். முகம் பன் மாதிரி உப்பிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

பதறி ஓடி வராதீர்கள். தலையை நானே துவட்டிக்கொள்கிறேன். தெருக்கோடிவரை நடந்து திரும்பினேன். ஓடி வருவதற்குப் பதிலாக எழுதுங்கள்.

உங்கள் மகாராணி


ஜூன் 10

மகாராணிக்கு,

ஓடி வரவில்லை. பெட்டியைக் கட்டினேன், கடைக்குட்டி பிடுங்கி வைத்துவிட்டாள்.

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. உனக்காக என்ன செய்வது என்று யோசித்தேன். என் ரத்தம் உனக்கு ஆகாது. என் அடையாளத்தில் ஒன்றுகூட இல்லாத இதயமாகப் பார்த்துத்தான் உனக்கு வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு வீட்டில் அழுதுகொண்டே சம்மதித்துக் கொடுத்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ரத்த வங்கிக்குப் போனேன். "எனக்கு மயக்கம் வரும், முதல்லயே சொல்லிடறேன்" என்றேன். காலைத் தூக்கி வைத்துப் படுக்க வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு காலர் எண்களை ஒன்றிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். நூற்று எழுபத்தொன்றில் "முடிஞ்சுது சார்" என்றாள் ரத்த வங்கி நர்ஸ். பை நிறைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் மயங்கினேன். நன்றாகக் கவனி, கொடுத்த பிறகு. சாட்சிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எழுந்து இரண்டு பிஸ்கட் தின்றேன். அது யாருக்குப் போகும் என்று கேட்கவில்லை.

ஞாயிறன்று உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வழக்கம்போல என்னைக் கதை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இந்தத் தடவை லாரி ஓட்டுநரை உள்ளே விட்டுவிட்டேன். உன் அண்ணன் "இது முன்னதைவிட நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார். பெரியவளுக்கும் நானே போனில் சொல்லிவிட்டேன். இனி நீ அவளைத் தண்ணீர் வாங்க அனுப்ப வேண்டியதில்லை.

பயாப்சி என்ன ஆயிற்று என்று உடனே எழுது. எனக்கு ஏழு இப்போது நன்றாக வருகிறது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 14

மயங்கி விழும் வள்ளலுக்கு,

பயாப்சி சுத்தமாக வந்திருக்கிறது. ஒரு வெள்ளையணுகூட வம்புக்கு நிற்கவில்லையாம். அடுத்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து மட்டும் ஆயுசுக்கும் தவறாமல் சாப்பிட வேண்டும். மை பாட்டிலைக் கழுவி வையுங்கள், காலர் எண்ணை நானே வந்து எழுதிக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவில்லை. இந்த இதயத்தில் நரம்பு இணைப்பு கிடையாதாம். பழைய இதயத்தை எடுக்கும்போதே நரம்பையும் அறுத்துவிடுகிறார்கள். ரத்தக் குழாய்களைத் தைக்கலாம், நரம்பைத் தைக்க முடியாது. அதனால் சந்தோஷமோ பயமோ வந்தால் இதற்கு உடனே தெரியாது. மனசில் ஏற்பட்டது ரத்தத்தில் கலந்து, அந்த ரத்தம் இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் தெரியுமாம். ஐந்து நிமிஷமாவது ஆகும் என்றார் டாக்டர். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

இன்று காலை உங்கள் கடிதம் வந்தது. விரலில் அந்த நாடி பார்க்கிற கருவி மாட்டியிருந்தது. வாசித்தேன். கொடுத்த பிறகுதான் மயங்கினேன் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். ஓட்டுநரை உள்ளே விட்டுவிட்டேன் என்ற இடத்தில் எழுத்து மங்கிவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். கருவியைப் பார்த்தேன். தொண்ணூறு. எப்போதும்போல அதே தொண்ணூறு. கடிதத்தை மடித்து உறையில் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொண்ணூற்றைந்து ஆயிற்று. பிறகு நூறு. பிறகு நூற்றுப் பன்னிரண்டு. பெரியவள் பார்த்துவிட்டுப் பதறிப்போய், "என்னம்மா ஆச்சு, டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்டி. உங்கப்பா கடுதாசி இப்பதான் போய்ச் சேர்ந்திருக்கு" என்றேன்.

உங்கள் மகாராணி